செருப்புக் காவல்

உலகத்தில் மனிதர்களுக்கு விதவிதமான பதவிகள் கிடைக்கின்றன. சிலருக்கு மந்திரி பதவி. சிலருக்குப் பஞ்சாயத்துத் தலைவர் பதவி. ஒன்றுமே கிடைக்காதவர்களுக்குக் கல்யாணத்தன்று ஒரு நாள் மாப்பிள்ளைப் பதவியாவது கிடைத்துவிடுகிறது. நமக்குக் கிடைத்தது 24 தொண்டர்களுக்குத் தலைவர் பதவி. அதுவும் ஒரு நாள் பதவிதான். ஆனால் மாப்பிள்ளைக்கு உள்ள மரியாதை அதில் கிடையாது. மாப்பிள்ளைத் தோழனுக்கு உள்ள வேலை மட்டும் உண்டு.

2022ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11ந் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. அன்று பாரதியார் பிறந்த நாள். அந்த நாள் வேலை நாளில் வந்தால், எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீட்டைப் பார்க்கப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர்களை ஓட்டி வரும் உபாத்தியாயர்களுமே வருவார்கள். விடுமுறை நாளாகப் போய்விட்டபடியால் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வருகிறவர்களுக்கு வழி காட்டவும், வரிசையில் நிறுத்தவும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவும் நம் பள்ளிக்கூடத்து நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகளை அனுப்புவதென்று தலைமை ஆசிரியர் தீர்மானித்தார். "நீங்கள் சரித்திர ஆசிரியர். பாரதியார் சரித்திர புருஷர். ஆகவே, தலைமை வகித்து அழைத்துப் போக வேண்டியவர் நீங்கள்தான்" என்றார். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இருக்கலாம். தலைமை ஆசிரியர் அறையில் இல்லை.

தொண்டர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் நம்மிடமே விடப்பட்டது. நாம் செய்த முதல் பிசகு அங்கேதான். நல்ல மார்க்கு வாங்குகிறவர்கள், கணீரென்று பேசக் கூடியவர்கள், வெள்ளைச் சட்டையில் மைக்கறை இல்லாதவர்கள் என்று பார்த்துப் பார்த்து ஆணும் பெண்ணுமாக 23 பேரைப் பொறுக்கினோம். ஒரு வார காலம் அவர்களுக்குப் பாடம் நடந்தது. 1882ல் பிறந்தது, பதினோராம் வயதில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது, 1897ல் செல்லம்மாளை மணந்தது, தகப்பனார் சின்னசாமி ஐயர் பருத்தி ஆலை வைத்து நொடித்துப் போனது, 1898ல் காசிக்குப் போனது, 1904ல் மதுரையில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தது எல்லாவற்றையும் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தார்கள். பார்க்க வருகிறவர் எங்கே நின்று என்ன கேட்டாலும் பதில் தயார். கேட்காவிட்டாலும் தயார்.

இருபத்து நான்காவது ஆசாமி தானாக வந்து சேர்ந்தவன். பதினோராம் வகுப்பு, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம், தாயார் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவள். "நானும் வாரேன் சார்" என்று மூன்று நாள் நம்முடைய பின்னாலேயே நடந்தான். அவனைச் சோதித்துப் பார்த்தோம். பாவம், அவனுக்கு 'ழ' வராது. 'வாழ்க தமிழ்' என்று சொல்லச் சொன்னால் 'வாள்க தமிள்' என்றான். தமிழுக்குக் கதியென்று நாம் கொண்டாடும் கவிஞர் பிறந்த வீட்டில் 'தமிள்' என்று சொல்லும் ஒருவனை வழிகாட்டியாக நிறுத்துவதா? அந்த அவமானத்துக்கு நாம் தயாராக இல்லை. அந்தக் கவிஞரே இதே கரிசல் காட்டில் பிள்ளைப் பிராயத்தைக் கழித்தவர், அவரோடு கோலி விளையாடிய சிறுவர்களில் பாதிப் பேர் 'தமிள்' என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்ற யோசனை அப்போது நமக்கு வரவில்லை. "சரி, நீ செருப்பைப் பார்த்துக்கொள்" என்றோம். அவன் முகம் மலர்ந்தது. நாம் அதை வெகுளித்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

செருப்புக்குக் காவல் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கிறவர்கள் கரிசல் மண்ணை மழைக் காலத்தில் மிதித்துப் பாராதவர்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இந்த மண், நாலு தூறல் விழுந்ததும் உப்பிப் பசையாகிவிடும். ஓர் அடி வைத்தால் செருப்போடு அரைப்படி மண் கூட வரும். பத்து அடி வைத்தால் நாமே ஓர் அங்குலம் உயர்ந்து போவோம். கார்த்திகை மாதம். இரண்டு மூன்று நாளாகத் தூறல் வேறு. இந்தக் கால்களோடு ஆயிரம் பேர் உள்ளே நுழைந்தால் வீடு வயலாகிவிடும். ஆகவே வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைப்பதென்று நாமே ஏற்பாடு செய்துகொண்டோம்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். பஸ்ஸின் இரு புறமும் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமுமாகக் கரிசல் பச்சைப் போர்வை போர்த்துக் கிடந்தது. வருஷத்தில் இரண்டு மாதம்தான் அதற்கு இந்தப் போர்வை. பிள்ளைகள் வழியெல்லாம் வருஷங்களை ஒப்பித்துக்கொண்டே வந்தார்கள். செருப்புக் காவலன் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் காட்டில் மருந்து தெளித்திருக்கிறார்கள், எந்தக் காட்டில் களை மிஞ்சிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

எட்டயபுரம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் பாரதியார் அல்ல, நம்முடைய தாத்தா. இதைச் சொல்லுவதற்காக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1947ஆம் வருஷம் அக்டோபர் மாதம், சுதந்திரம் வந்த இரண்டாவது மாதத்தில், எட்டயபுரத்தில் பாரதி மணி மண்டபத் திறப்பு விழா நடந்தது. 'கல்கி' பத்திரிகையின் வேண்டுகோளைப் படித்துவிட்டு ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகத் தமிழ் ஜனங்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மண்டபம் அது. 1945ல் அஸ்திவாரக் கல் நாட்டிய ராஜாஜியே, அப்போது மேற்கு வங்காளத்துக் கவர்னராக இருந்தவர், வந்து திறந்து வைத்தார். அந்த விழாவில் தாத்தா தொண்டர். வயது இருபத்திரண்டு.

தொண்ணூறு வயது வரையில் தாத்தா அந்த விழாவைப் பற்றிப் பேசினார். ராஜாஜி என்ன பேசினார் என்று கேட்டால், "நான் எங்கே கேட்டேன்? நான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன்" என்பார். மண்டபம் எப்படி இருந்தது என்றால், "கூட்டம் கலைந்த பிறகு இருட்டிவிட்டது" என்பார். யார் யார் பாடினார்கள் என்றால், கிணற்றில் எத்தனை முழக் கயிறு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லுவார். சிறு பிராயத்தில் நமக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய சம்பவத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதர் வாளியையும் கயிற்றையும் மட்டுமா பார்த்திருப்பார் என்று மனத்துக்குள் கேலி செய்திருக்கிறோம்.

தொண்டர்கள் விஷயத்தில் காந்தி மகாத்மாவுக்கு நேர்ந்த அநுபவம் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தோம். 1901ல் கல்கத்தாவில் நடந்த காங்கிரஸுக்கு அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தார். அங்கே தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் இன்னொருவரிடம் சொல்லுவார். இன்னொருவர் மூன்றாமவரிடம் தள்ளுவார். பிரதிநிதி நடுவில் நிற்பார். கக்கூசுகள் நாறிக் கிடப்பதைக் காந்தி காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று பதில் வந்ததாம். அவர் துடைப்பம் ஒன்றைத் தேடி வாங்கித் தாமே கழுவினார். அவருடைய சுய சரிதையில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. தமிழ்ப் பிரதிநிதிகளுடைய சமையற்கட்டைத் தனியாகத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். அவர்கள் சாப்பிடும்போது மற்றவர் கண் பட்டாலும் தீட்டாம். முதல் பாதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை ஏன் விட்டோம் என்று இப்போது யோசித்துப் பார்த்தால், நேரமில்லை என்ற காரணம் அவ்வளவு உண்மையாகத் தோன்றவில்லை.

பிற்பாடு 1923ல் காக்கிநாடா காங்கிரஸின்போது டாக்டர் ஹார்டிகர் ஹிந்துஸ்தானி சேவா தளத்தை ஏற்படுத்தித் தொண்டர்களுக்கு ஒழுங்கான பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1969ல், காந்தி நூற்றாண்டு வருஷத்தில், சர்க்கார் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கல்லூரி மாணாக்கர்களுக்காக ஆரம்பித்தது. நம் 24 பேரும் அந்த வம்சாவளியில் வந்தவர்கள் என்று சொல்லிச் சட்டையில் சின்னம் குத்தி அனுப்பியாயிற்று.

காலை ஒன்பது மணிக்குள் தெரு நிரம்பிவிட்டது. ஜனங்களைவிடப் பாரதிகள் அதிகம் என்று சொல்ல வேண்டும். நாலு வயது முதல் பத்து வயது வரையில் முண்டாசும் கறுப்புக் கோட்டும் மையால் வரைந்த மீசையுமாகப் பாரதிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஐஸ்கிரீம் கேட்டு அழும் பாரதி, மீசை கலைந்துபோனதற்காக அடி வாங்கும் பாரதி, தூக்கம் தாங்காமல் தகப்பனார் தோளில் சாய்ந்துவிட்ட பாரதி. அச்சமில்லை என்று முழங்க வேண்டிய ஒரு பாரதி ஒரு நாய்க்குட்டியைக் கண்டு ஓட்டமாய் ஓடியதையும் பார்த்தோம்.

பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் அலறிக்கொண்டு வந்தாள். பிள்ளையைக் காணோம். என்ன உடை என்று கேட்டோம். "பாரதி வேஷம் சார்!" என்றாள். தலை சுற்றியது. இருந்தாலும் ஒலிபெருக்கியில், "பாரதியார் வேஷத்தில் உள்ள ஐந்து வயதுச் சிறுவனைக் கண்டவர்கள் வாசலுக்கு அழைத்து வரவும்" என்று நம் மாணாக்கி ஒருத்தி கணீரென்று அறிவித்தாள். ஐந்து நிமிஷத்துக்குள் ஒன்பது பாரதிகளை அழைத்து வந்துவிட்டார்கள். அவர்களில் அந்த அம்மாளின் பாரதி இல்லை. ஒன்பது பேருடைய தாய்மார்களும் வந்து நம்மோடு சண்டை பிடித்தார்கள்.

செருப்புக் காவலன் அப்போது மெல்ல எழுந்து வந்தான். "அக்கா, நீங்க மேக்க இருந்துதானே வந்தீக? உங்க செருப்புல செவல் மண்ணு இருந்துச்சு. தம்பி செருப்பு நடந்தா வெளக்கு எரியுமே, நீலம்?" என்றான். அம்மாள் ஆமென்றாள். "அந்தச் செருப்பு இன்னும் இங்கனதான் இருக்கு. அப்ப வெளிய போகலை, உள்ளதான் இருக்கான்" என்றான். உண்மை. பையன் உள்ளே, படங்களைப் பார்க்கும் பெரியவர்களின் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு நாம் செருப்பு வரிசையைக் கவனித்துப் பார்த்தோம். நமக்கு அதெல்லாம் ஒரே சேறாகத் தெரிந்தது. அவன் அதைப் புத்தகம் போலப் படித்துக்கொண்டிருந்தான். கறுப்பு அப்பியது நம் பக்கம், செவல் மேற்கே, மணல் மணலாகச் சிவந்து ஒட்டியிருப்பது சாத்தான்குளம் தேரிக்காட்டுப் பக்கம், மண்ணே இல்லாதது காரில் வந்தவர்கள். ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தான். கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதற்கு அதுதான் சௌகரியமாம்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். திருச்செந்தூருக்குப் போகும் வேன் ஒன்று தெரு முனையில் நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். காட்டு வேலை செய்கிறவர்கள் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்களில் ஒரு கிழவிக்கு எண்பது வயதுக்குக் குறையாது. இக்காலத்தில் காண்பதற்கு அரிதாகிவிட்ட பாம்படம் காதில் ஊசலாடிற்று. மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறிவிட்டார்கள். கிழவி மட்டும் கீழேயே நின்றாள்.

"நீங்க பார்த்துட்டு வாங்க தாயி. நான் இங்கன இருந்து செருப்பைப் பார்த்துக்கிடுதேன்" என்றாள்.

"செருப்புக்கு நான் இருக்கேன் பாட்டி. நீங்க போங்க" என்றான் பையன்.

கிழவி வீட்டை மேலும் கீழுமாகப் பார்த்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாங்க இதுல ஏறலாமாய்யா?" என்று கேட்டாள்.

நாம் இரண்டு கஜ தூரத்தில் கழுத்தில் ஊதலும் கையில் வரிசைக் கயிறுமாக நின்றுகொண்டிருந்தோம். அந்தக் கேள்வியின் அர்த்தம் நமக்கு உடனே விளங்கிவிட்டது. பட்டம் பெற்றது வீண் போகவில்லை. அவளுடைய சிறு பிராயத்தில் எத்தனை தெருக்களுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருப்பாள், எத்தனை தெருக்களுக்குள் நடக்காமலே சுற்றிப் போயிருப்பாள் என்பதெல்லாம் மனக் கண் முன் தோன்றின. அதற்கு ஒரு பதிலும் தயாராயிற்று. "அம்மா! இந்த வீட்டில் பிறந்தவர் 1913ல் புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற ஆதிதிராவிட இளைஞருக்குத் தம் கையாலேயே பூணூல் போட்டு வைத்தவர். அப்படிப்பட்டவருடைய வீட்டுக்குள் நுழைய நீங்கள் தயங்கலாமா?" என்று தொடங்க வேண்டியது. வாக்கியம் நன்றாகத்தான் அமைந்தது. அதை முடித்து வாயைத் திறப்பதற்குள் பையன் எழுந்துவிட்டான்.

"வளுக்குது பாட்டி. என் கையைப் பிடிச்சுக்கங்க" என்றான்.

படியில் ஒரே சேறு. கையை நீட்டினான். கிழவி ஒரு நிமிஷம் அந்தக் கையையே பார்த்தாள். அப்போதுதான் நாமும் பார்த்தோம். மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் முறுக்கிய கயிறு ஒன்று கட்டியிருந்தான்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. நம் தென் சீமைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிற்றுக்கு நிறம் உண்டு. நிறத்துக்கு அர்த்தம் உண்டு. கேட்டால் கோயில் கயிறு என்பார்கள். எந்தக் கோயிலிலும் அந்த நிறத்தில் கயிறு கொடுப்பதில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். யார் எந்தத் திண்ணையில் உட்காருகிறார்கள் என்று அந்தக் காலத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டதை இப்போது மணிக்கட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுகிறோம், அவ்வளவுதான். அந்தப் பையனுடைய கயிற்றை நாம் அதற்கு முன்னும் வகுப்பில் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கிறோம். மைக்கறை இல்லாத சட்டையாகத் தேடிப் பொறுக்கிய நம் கண்ணுக்கு அந்த 23 பேரில் எத்தனை மணிக்கட்டுகளில் என்னென்ன நிறம் என்பது தெரியாமலா போயிற்று?

கிழவிக்கும் அந்த நிறத்துக்கு அர்த்தம் தெரியாமல் இருக்க நியாயமில்லை. அவளுடைய பேரப் பிள்ளைகளும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள்தானே? இருந்தாலும் அவள் கையைக் கொடுத்தாள். காய்ப்பேறிய அவளுடைய விரல்கள் சரியாக அந்தக் கயிற்றின் மேலேயே இறுகப் பிடித்தன. வழுக்கும் படியில் வேறு எங்கே பிடிப்பது? மூன்று படி. இரண்டாவது படியில் கால் வாரிற்று. பையன் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினான். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

காலையிலிருந்து வாசலிலேயே இருந்தவன் அப்போதுதான் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போகிறான் என்பது நமக்கு நினைவு வந்தது. நாமும் பின்னாலேயே போனோம். பாரதியார் பிறந்த இடத்தில் வைத்திருக்கும் மார்பளவுச் சிலைக்கு எதிரில் கிழவி நின்றாள். நம் முதல் மார்க்கு மாணாக்கன் உடனே ஆரம்பித்தான்: "1882ஆம் ஆண்டு டிசம்பர்..."

கிழவி அவனைக் கேட்கவில்லை. செருப்புக் காவலனைப் பார்த்து, "இந்த இடத்துலதான் பெத்தாளா?" என்றாள்.

"ஆமா பாட்டி."

"தலை எந்தப் பக்கம் வச்சுப் படுத்திருப்பா?"

இருபத்து மூன்று பேரும் நம்மைப் பார்த்தார்கள். நாம் சுவரைப் பார்த்தோம்.

"அவ இருந்தாளா, அவன் பெரிய ஆளானதைப் பார்க்க?"

இதற்கு மட்டும் முதல் மார்க்கு மாணாக்கனுக்குப் பதில் தெரிந்திருந்தது. தாயார் லட்சுமி அம்மாள் பாரதியாரின் ஐந்தாவது வயதிலேயே காலமாகிவிட்டார் என்றான். ஆனால் ஒப்பிக்கும் குரலில் சொல்லவில்லை. ஏனோ மெதுவாகத்தான் சொன்னான். கிழவி "அஞ்சு வயசு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தச் சிலையின் கன்னத்தைத் தடவி விரல்களை நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். சிலைகளைத் தொடக் கூடாது என்று நாமே ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தோம். யாரும் அதை அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

இதற்கிடையில் வாசலில் காவல் இல்லாமற் போனதன் பலன் வெளிப்பட்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம்முடைய புதுச் செருப்பைக் காணோம் என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார். "தொண்டர்களாம் தொண்டர்கள்! யார் இதற்குத் தலைவர்?" என்றார். பதவியின் ருசியை அப்போதுதான் பூரணமாக அறிந்தோம். பையன் ஓடி வந்து தேடினான், கிடைக்கவில்லை. முடிவில் நம் காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது பழசு என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் பஸ் ஏறும்போது நமக்கு இரண்டு பாதத்திலும் கரிசலே செருப்பாக இருந்தது. பையன் மிகவும் வருத்தப்பட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது சார்" என்றான்.

"அது போகட்டும். அந்தப் பாட்டி உன்னிடம் என்ன கேட்டாள்?"

"ஏறலாமான்னு கேட்டுச்சு சார்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

அவன் நம்மை வேடிக்கையாகப் பார்த்தான். "படி வளுக்குதுல்ல சார். விளுந்துருவமோன்னு பயந்துருச்சு" என்றான்.

அவனுக்கு விளக்கிச் சொல்லலாமா என்று யோசித்தோம். சரித்திர ஆசிரியர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவது? சொன்னால் அடுத்த தடவை ஒரு கிழவி கேட்கும்போது இவன் சேற்றைப் பார்ப்பானா, வேறு எதையாவது பார்ப்பானா? சொல்லாவிட்டால் அந்தக் கயிற்றின் அர்த்தத்தை மட்டும் வேறு யாரோ இவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார்களே? பஸ் நடுவழியில் ஒரு கிராமத்தில் நின்று புறப்பட்டது. "கையில் என்ன கயிறு?" என்று மட்டும் கேட்டோம்.

"கோயில் கயிறு சார்" என்று சொல்லி, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

ஆகவே அவனுக்கும் ஏதோ தெரிந்துதான் இருந்தது.

மறு வருஷம், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தமிழ்நாடே திடுக்கிட்டது. நீதிபதி சந்துருவைச் சர்க்கார் விசாரிக்கச் சொன்னது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் மணிக்கட்டுக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு யோசனை. பத்திரிகையில் அதைப் படித்த அன்று நமக்கு எட்டயபுரத்துப் படி நினைவுக்கு வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்ற நாட்களும் நினைவுக்கு வந்தன. அதற்குள் பையன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கே ஜனாதிபதியின் மாளிகையான இஸ்தானாவைத் தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற விடுமுறை நாட்களில் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்களாம். தீபாவளியன்று போய்விட்டு வந்து அவள் எழுதினாள். புல்தரைகளைப் பற்றி இரண்டு வரி. வழி காட்டிய மாணவப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம். ஒரு சீனப் பையன் தன்னுடைய மாமியாரைக் குடை பிடித்து அழைத்துப் போனானாம். மாமியாருக்கு அந்த மாளிகை எப்படி இருந்தது என்பது மறந்துவிட்டது, குடை நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தாள். நமக்குத் தாத்தாவின் கிணற்றுக் கயிறு ஞாபகம் வந்தது.

2025ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், பாரதியார் பிறந்த அந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறு நாள் இரவு ஒன்பதரை மணிக்குத் திருப்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. அவனேதான். பின்னால் இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

"சார், நம்ம வீடு விளுந்துருச்சாமே?" என்றான்.

நம்ம வீடு என்றதும் முதலில் அவனுடைய கிராமத்து வீடுதானோ என்று பயந்துவிட்டோம். பிறகுதான் விளங்கிற்று. வீடு விழவில்லை, மேற்கூரையில் ஒரு பகுதிதான் என்று சொன்னோம். ஆளுக்கு ஆபத்து உண்டா என்று கேட்டான். இல்லையென்றோம். சிலைக்கு? அதைப் பற்றியும் விசாரித்துச் சொல்லுவதாகச் சொன்னோம். கையில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறதா என்று நாம் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. தொலைபேசியில் மணிக்கட்டு தெரிவதில்லை.

"படி சார்?" என்றான். "வாசல்ல இருந்துச்சே, அந்தப் படி?"

அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒன்றும் போடவில்லை என்றோம்.

"மழைக்கு முன்னாடி அதைக் கொத்திவிடச் சொல்லுங்க சார். ரொம்ப வளுக்கும்" என்றான்.